வளைவு ரோட்ல பின்னாடி வேகமான பைக் வந்தா எங்க வழி விடணும், எங்க விடக்கூடாது

டர்பன் பக்கத்துல இருக்கற ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 250 சிசி பைக் வச்சிருக்கார், ஞாயித்துக்கிழமை காலைல மனைவியைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு ஹில்கிரெஸ்ட்ல ஆரம்பிச்சு போத்தாஸ் ஹில், டிரம்மண்ட், இன்சாங்கா வழியா கேட்டோ ரிட்ஜ் வரைக்கும் பழைய ஆர்103 ரோட்ல போவாராம். 60லதான் போவார். பெரிய பைக்குங்க பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டா கை காலே ஓடலைங்கறார். "உடனே ரோட்டோட இடது ஓரத்து மஞ்ச கோட்டைத் தாண்டி ஒதுங்கு, அதுதான் மரியாதைன்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், நீ பாட்டுக்கு போ, கடந்து போறது அவன் பாடுன்னு இன்னொருத்தன் சொல்றான், எது சரி அண்ணா? போன தடவை வளைவுக்குள்ளயே ஒதுங்கப் போய் பொடிக்கல்லு மேல ஏறி வண்டி ஆடிடுச்சு, அதுல இருந்து வீட்ல வரமாட்டேங்கறாங்க"ன்னு எழுதியிருக்கார்.

தம்பி, வளைவுக்குள்ள இருக்கும்போது ரெண்டாவது ஃப்ரெண்டு சொல்றது சரி. வளைவு முடிஞ்சு ரோடு நேரா வந்ததும் முதல் ஃப்ரெண்டு சொல்றது சரி, ஆனா மஞ்ச கோடு விஷயத்துல மட்டும் அவர் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல வளைவு. பின்னாடி வர்றவர் நல்லா ஓட்டத் தெரிஞ்சவர்னா அவர் உங்ககிட்ட எதிர்பார்க்கறது ஒண்ணே ஒண்ணுதான், நீங்க அடுத்து என்ன செய்வீங்கன்னு அவருக்குத் தெரியணும். நீங்க போய்க்கிட்டிருக்கற அதே கோட்டுல, அதே வேகத்துல வளைவை முடிச்சீங்கன்னா அவரால அதை வச்சு கணக்குப் போட முடியும். நடுவுல திடீர்னு இடது பக்கம் ஒதுங்கினா, இல்ல பயத்துல பிரேக்கை அழுத்தினா அந்தக் கணக்கு மொத்தமும் உடைஞ்சிடும். சாய்ஞ்சு போற பைக்ல முன் பிரேக்கைப் பிடிச்சா பெரும்பாலான வண்டி நிமிரப் பாக்கும், நிமிர்ந்தா வளைவுக்கு வெளிப்பக்கமா ஓடும். இடது வளைவுல வெளிப்பக்கம்னா எதிர் லேன், வலது வளைவுல வெளிப்பக்கம்னா நீங்க போன அதே பொடிக்கல்லு. வழி விடறேன்னு நல்ல மனசோடதான் செய்யறீங்க, ஆனா பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்காயிடுது.

ஆக்சிலேட்டரைத் திடீர்னு விடறதும் அதே மாதிரி ஆபத்து, இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. கையை முறுக்கறதை விட்டீங்கன்னா இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும், கீழ் கியர்ல இருந்தா நல்லாவே இழுக்கும், ஆனா பின்னாடி சிவப்பு லைட் எரியாது. ஒட்டி வர்றவருக்கு நீங்க வேகம் குறைச்சது கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள அவர் உங்க நம்பர் பிளேட்டுகிட்ட வந்திருப்பார். வேகத்தைக் குறைக்கணும்னா நேர் ரோட்ல, பிரேக் பெடலை லேசா தொட்டு லைட்டை எரிய விட்டுட்டுக் குறைங்க.

இப்போ சொல்லப் போறதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா நல்லா ஓட்டறவங்களுக்குள்ளயே இதனாலதான் பெரிய குழப்பம் வருது. நம்ம தென்னாப்பிரிக்காவுல இடது பக்கம் ஓட்டறோம். வலது வளைவு வரும்போது முன்னாடி தூரமா பார்வை கிடைக்கணும்னு நாம லேனோட இடது பக்கத்துக்குப் போவோம், எல்லா ட்ரெய்னிங்லயும் இப்படித்தான் சொல்லிக்குடுப்பாங்க. ஆனா பின்னாடி வர்றவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? "ஆகா, ஒதுங்கிட்டார், வழி விடறார்"னு தெரியும். அவர் வலது பக்கமா ஏறி வருவார், அதே நேரம் நீங்க வளைவுல சாய்ஞ்சு நடுக்கோட்டுப் பக்கம் வருவீங்க, ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வர்றீங்க. இடது வளைவுக்கு முன்னாடி இதுக்கு நேர் எதிர், பார்வைக்காக நடுக்கோட்டுப் பக்கம் நகருவீங்க, அவர் அதைப் பாத்துட்டு "வேணும்னே மறிக்கறான்"னு கடுப்பாவார். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை, ஒருத்தர் நகர்ந்ததை இன்னொருத்தர் தப்பா படிச்சிட்டார், அவ்வளவுதான். அதனால பின்னாடி ஆள் ஒட்டி வரும்போது வலது வளைவுக்கு முன்னாடி ரொம்ப இடது ஓரத்துக்குப் போகாதீங்க, லேன் நடுவுலயே இருங்க, கொஞ்சம் பார்வை குறைஞ்சாலும் பரவாயில்லை, அதுக்கு ஏத்த மாதிரி வேகத்தைக் குறைச்சுட்டே வளைவுக்குள்ள போங்க. நீங்க நடுவுல இருக்கற வரைக்கும் "இன்னும் இல்லை"ன்னு அவருக்குப் புரியும்.

கண்ணாடி பாக்கறதும் நேர் ரோட்லதான். வளைவுக்குள்ள கண்ணாடியைப் பாத்தா கண்ணு போற பக்கம் வண்டியும் போகும். நம்ம சட்டப்படி பைக்ல ஹெட்லைட் எப்பவும் எரியணும், அதனால கண்ணாடில லைட் தெரிஞ்சா அவர் உங்களை விரட்டறார்னு அர்த்தம் இல்லை, எரிஞ்சே ஆகணும்னு எரியுது. குவிஞ்ச கண்ணாடில எல்லாமே இருக்கறதை விட தூரமா தெரியும், அதுவும் பைக்கோட ஒத்தை லைட்டை வச்சு தூரம் கணிக்கறது காரை விட கஷ்டம், அதனால தெரியறதை விட பக்கத்துல இருக்கார்னே வச்சுக்கோங்க.

சரி, வளைவு முடிஞ்சது, ரோடு நேரா போகுது, எதிர்ல யாரும் இல்லை. இங்கதான் உங்க மரியாதையைக் காட்டணும், இங்க தாராளமா காட்டுங்க. பல பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. வளைவுல பயந்து பயந்து போனவங்க நேர் ரோடு வந்ததும் நிம்மதியா ஆக்சிலேட்டரை முறுக்கிடறாங்க, பின்னாடி இருக்கறவருக்கு கடக்கக் கிடைச்ச ஒரே இடத்துல போட்டி போடற மாதிரி ஆயிடுது. இது நம்ம நாட்டு ரோடு விதிலயே இருக்கு, பின்னாடி இருக்கறவர் கடக்கணும்னு தெரிஞ்சா நீங்க ரோட்டோட இடது ஓரமா, உங்களுக்கு ஆபத்து இல்லாத அளவுக்கு ஒதுங்கணும், அவர் கடந்து முடிக்கற வரைக்கும் வேகத்தைக் கூட்டக்கூடாது.

வேகத்தைக் கூட்டாம இருந்தா மட்டும் போதுமான்னா, 10 குறைச்சுப் பாருங்க. நீங்க 60, அவர் 80ன்னு வச்சுக்குவோம். உங்களுக்கு 20 மீட்டர் பின்னாடி ஆரம்பிச்சு 20 மீட்டர் முன்னாடி போய் சேர அவருக்கு 7 செகண்டுக்கு மேல ஆகும், அதுக்குள்ள அவர் 160 மீட்டர் ஓடியிருப்பார். எதிர்ல வர்ற வண்டியும் 80ல வந்தா அதுவும் 160 மீட்டர் வந்திருக்கும். ஆக மொத்தம் 320 மீட்டர் காலி ரோடு வேணும். நீங்க 50க்கு இறங்கினா போதும், அதே வேலை 5 செகண்டுக்குள்ள முடியும், 215 மீட்டர் ரோடு இருந்தாலே கடந்துடுவார். மலை ரோட்ல 300 மீட்டர் நேர் ரோடு கிடைக்கறது கஷ்டம், 200 கிடைக்கும். நீங்க குறைக்கற அந்த 10 கிலோமீட்டர் அவரை எதிர் லேன்ல இருந்து சீக்கிரமா வெளிய கொண்டு வருது, இதை விட பெரிய மரியாதை ரோட்ல கிடையாது.

இப்போ மஞ்ச கோடு. நம்ம ஊர்ல இது ஒரு நல்ல பழக்கம், பக்கி (பிக்கப் வண்டி) ஓட்டறவர்ல இருந்து கரும்பு லாரி வரைக்கும் மஞ்ச கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்குவாங்க, கடந்து போறவங்க ஹசார்டு லைட்டை ரெண்டு தடவை மின்ன விட்டு நன்றி சொல்லுவாங்க, இவங்க ஹெட்லைட்டால பதில் சொல்லுவாங்க. முன்ன பின்ன தெரியாதவங்க ஒருத்தருக்கொருத்தர் இப்படி நன்றி சொல்லிக்கிட்டுப் போறதைப் பாக்கவே எனக்கு சந்தோஷமா இருக்கும். ஆனா காருக்கு இருக்கற வசதி நமக்கு இல்லை. அந்தப் பக்கம்தான் டயர் தள்ளிவிடற பொடிக்கல்லு, கண்ணாடித் துண்டு, கரும்புச் சக்கை எல்லாம் சேரும், தார் உடைஞ்சு ஓரம் பள்ளமா இறங்கியிருக்கும், காலைல நடந்து போறவங்க, ஆடு மாடு, டாக்ஸிக்கு நிக்கறவங்க எல்லாரும் அங்கதான். நீங்க போற ரோட்ல கேக்கவே வேணாம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவுல ஓடற காம்ரேட்ஸ் மாரத்தான் பாதை அது, ஞாயிறு காலைல ஓடறவங்களும் சைக்கிள்காரங்களும் ஓரத்துலதான் இருப்பாங்க.

சட்டமும் இதை அனுமதியாத்தான் வச்சிருக்கு, கட்டாயம்னு சொல்லலை. ஒரு பக்கத்துக்கு ஒரே லேன் இருக்கற ரோட்ல, சூரியன் உதிச்சதுல இருந்து மறையறதுக்குள்ள, உங்களை ஒருத்தர் கடக்கற நேரத்துக்கு மட்டும், யாருக்கும் ஆபத்து இல்லைன்னா, 150 மீட்டர் தூரத்துக்கு ஆளும் வண்டியும் தெளிவா தெரிஞ்சா, மஞ்ச கோட்டைத் தாண்டி ஓட்டலாம். இத்தனையும் சேர்ந்து இருந்தாத்தான். ஹில்டன், ஹோவிக் பக்கம் பனி மூட்டம் இறங்கினா அந்த 150 மீட்டர் போச்சு, அப்போ தாண்டவே கூடாது. வளைவுக்குள்ள 150 மீட்டர் தெரியற இடமும் அபூர்வம், அதனால சட்டமே வளைவுல ஒதுங்காதேன்னுதான் சொல்லுதுன்னு நான் எடுத்துக்கறேன். ஒரு பைக் கடக்கறதுக்கு நீங்க லேனுக்குள்ளயே இடது ஓரமா போனாலே இடம் தாராளம், கோட்டைத் தாண்டவே தேவையில்லை. இன்னொண்ணு, அந்த மஞ்ச பெயிண்ட் மழையில வழுக்கும், அதை ஒட்டியே ஓட்டாதீங்க, ஒரு முழம் விட்டு இருங்க.

சைகை. ஒதுங்கினதும் இடது கையை இறக்கி முன்னாடி போற மாதிரி ஒரு தடவை வீசுங்க, அதுக்கு மேல வேணாம், கை உடனே ஹேண்டில்பாருக்கு வரணும். இடது இண்டிகேட்டர் போடலாமான்னா நான் போடமாட்டேன், இடது பக்கம் திரும்பப் போறீங்களா, நிக்கப் போறீங்களா, வழி விடறீங்களான்னு யாருக்கும் தெரியாது. கை வீசறதும் "நான் உங்களைப் பாத்துட்டேன், நான் தயார்"ங்கறதுக்குத்தான், எதிர்ல வண்டி வரலைன்னு உத்தரவாதம் குடுக்கறதுக்கு இல்லை. அதை அவர்தான் பாக்கணும், கடக்கற பொறுப்பு அவரோடது. அவர் போகும்போது சிலர் இடது காலை லேசா வெளிய நீட்டுவாங்க, அது காலால நன்றி சொல்றாங்க, யாரையும் உதைக்க வரலை, வீட்ல முன்கூட்டியே சொல்லி வைங்க.

ஒருத்தர் போனதும் உடனே நடுவுக்கு வந்துடாதீங்க. ஞாயிறு காலைல பெரிய பைக்குங்க தனியா வராது. ரெண்டு பைக் ஒரே நேரத்துல ஒரு வண்டியை ஓவர்டேக் பண்ணக்கூடாது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தராத்தான் போகணும்னு விதியே இருக்கு, ஆனா முதல் ஆள் போன வேகத்துலயே ரெண்டாவது ஆளும் வர்றதை நீங்களும் பாத்திருப்பீங்க. கண்ணாடி பாத்து, தோளுக்கு மேல ஒரு பார்வை பாத்து, அப்புறம் வாங்க. நேர் ரோடு முடிஞ்சு வளைவு வந்துடுச்சு, இன்னும் மூணு பேர் பின்னாடி நிக்கறாங்கன்னா அவங்க காத்திருக்கட்டும், அடுத்த நேர் ரோட்ல விடுங்க. பாதி வரிசை போச்சே, மீதியையும் அனுப்பிடலாம்னு வளைவுக்குள்ள ஓரமா போயிடாதீங்க.

இவ்வளவு செஞ்சும் ஒருத்தர் கடக்காம ஒட்டிக்கிட்டே வர்றார், ஹார்ன் அடிக்கறார்னா அவருக்குப் பாடம் நடத்தறது உங்க வேலை இல்லை. வேணும்னே மெதுவா போறது, பிரேக் லைட்டைக் காட்டி பயமுறுத்தறது எதுவும் வேணாம். பள்ளத்தாக்கைப் பாக்க வண்டி நிறுத்தற இடம், கடை வாசல், பெட்ரோல் பங்க், ஏதாவது ஒண்ணு வரும். நல்லா முன்னாடியே இண்டிகேட்டர் போட்டு, பிரேக் லைட் தெரிய நிதானமா குறைச்சு உள்ள போங்க, ஒரு டீ குடிங்க. பொடிக்கல்லு வாசல்ல முன் பிரேக்கை அழுத்தாதீங்க.

வீட்ல வரமாட்டேங்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. அவங்க பயப்படறதுல நியாயம் இருக்கு, பின்னாடி உக்கார்றவங்களுக்கு வண்டி ஏன் ஆடுச்சுன்னே தெரியாது, பிடிச்சுக்க ஹேண்டில்பாரும் இல்லை. இனிமே வளைவுக்குள்ள ஒதுங்கமாட்டேன், நேர் ரோட்ல மட்டும்தான் வழி விடுவேன், விடறதுக்கு முன்னாடி உன் முட்டியை ஒரு தடவை தட்டுவேன்னு சொல்லுங்க. பின்னாடி பைக் சத்தம் கேட்டா திரும்பிப் பாக்க வேணாம், அவங்க திரும்பினா வெயிட் மாறி வண்டி நகரும், வளைவு எந்தப் பக்கமோ உங்களோட அந்தப் பக்கத் தோளுக்கு மேல முன்னாடி பாத்தா போதும்னும் சொல்லுங்க. அவங்களை ஏத்தறதுக்கு முன்னாடி நீங்க மட்டும் ஒரு காலைல அதே ரோட்ல போய், 200 மீட்டர் நேரா வர்ற இடம் எதெது, ஓரத்துல தார் எங்கெங்க உடைஞ்சிருக்கு, எந்த வாசல்ல நிம்மதியா நிறுத்தலாம்னு போற வழியிலயும் வர்ற வழியிலயும் தனித்தனியா பாத்து வச்சுக்கோங்க, ஏன்னா போகும்போது நல்லா இருக்கற நேர் ரோடு திரும்பி வரும்போது மேட்டு உச்சில போய் முடியலாம், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு உங்களுக்கும் தெரியாது, பின்னாடி இருக்கறவருக்கும் தெரியாது, அந்த இடத்துல வழி விடாதீங்க.