பால்டர்ஸ் கேட், ஐஸ்விண்ட் டேல், பிளேன்ஸ்கேப்: எதில் தொடங்கலாம்?

பால்டர்ஸ் கேட் 3 என்ற ரோல்-பிளேயிங் கேமை (ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகும் வீடியோ கேம்) முடித்த கையோடு, அந்த வகைப் பழைய கேம்களில் எது நல்லது, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பால்டர்ஸ் கேட் (1998), பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் (1999), ஐஸ்விண்ட் டேல் (2000) மூன்றும் இன்ஃபினிட்டி என்ற ஒரே எஞ்சினில், அதாவது கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளில், ஓடுபவை. ஆறு பேர் வரை குழு. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் சண்டை அப்படியே நிற்கும்; ஆளாளுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி தட்ட வேண்டும். மாவு ஒன்றுதான், சுட்ட விதம் வேறு.

முதல் பால்டர்ஸ் கேட் ஆரம்பத்தில் உங்களை வெறுப்பேற்றும். முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர் 4 புள்ளி, 5 புள்ளி. ஒரு மந்திரம் போட்டதும் கை காலி, தூங்கி எழுந்தால்தான் அடுத்தது. அடி படாமல் காக்கும் திறனைக் காட்டும் கவச எண் வேறு தலைகீழ்: குறையக் குறைய நல்லது. எனக்கு ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதி வாசல் மறக்காது. படியில் நிற்கும் ஒருவன் சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல் வந்து, தன்னைப் போலவே நாலைந்து பிம்பங்களை உண்டாக்கிக்கொண்டு, அச்ச மந்திரத்தை வீசுவான். என் ஆட்கள் திசைக்கொருவராக ஓடினார்கள். அன்று எத்தனை முறை பழைய சேவை லோடு செய்து மறுபடி ஆடினேன் என்று கணக்கில்லை.

அப்படியும் இதைத்தான் முதலில் சொல்வேன். காரணம், கூட வருபவர்கள். குணப்படுத்தத் தெரிந்த ஜஹைரா வேண்டுமென்றால், பயந்து ஓடும் அவள் கணவன் காலிதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அவனை அனுப்பினால் அவளும் கிளம்பிவிடுவாள். மின்ஸ்க் என்ற வீரன் வந்து டைனஹீர் என்ற மந்திரக்காரியைக் காப்பாற்றக் கூப்பிடுவான். எட்வின் என்ற மந்திரவாதியோ அதே டைனஹீரைக் கொல்லக் கூப்பிடுவான். மின்ஸ்க், எட்வின் இருவரையும் சேர்த்து வைத்துக்கொண்டால் என்றைக்காவது ஒருநாள் வெட்டுக்குத்துதான். யார் பலசாலி என்பதோடு, யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்றும் பார்த்துக் குழு சேர்க்கும்போது, அது குடும்பம் நடத்துவதுபோல் ஆகிவிடுகிறது.

குறையும் அந்த ஆறு பேரால்தான். ஃபயர்வைன் பாழடைந்த சுரங்கத்தின் குறுகலான வழிகளில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் மட்டும் சுற்றுவழியில் போய் எதிரி நடுவில் தனியாக மாட்டுவார். அந்தக் காலத்தில் 5 சிடி வேறு, இடம் மாறும்போது இதை எடு, அதைப் போடு என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஐஸ்விண்ட் டேலில் ஆறு பேரையும் நாமே உருவாக்கலாம். நான் சித்தப்பா, பெரியப்பா பெயர்களையெல்லாம் வைத்தேன். சண்டை அமைப்பில் மூன்றில் இதுதான் முதல். வாசலை அடைத்து இரண்டு வீரர்களை நிறுத்தி, பின்னாலிருந்து அம்பும் நெருப்பும் விடுகிற சுகம் வேறெதிலும் இவ்வளவு இல்லை. ஆனால் என் சித்தப்பாவும் பெரியப்பாவும் கடைசிவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கதையும் போட்ட தண்டவாளத்தில் போகும்.

டார்மென்ட் நேர் எதிர். பிணவறை மேடையில் நினைவில்லாமல் கண் விழிக்கிறீர்கள், மிதக்கும் மண்டை ஓடு ஒன்று பேச்சுக் கொடுக்கிறது. செத்தாலும் பெரும்பாலும் எழுந்துவிடுவீர்கள். உரை மட்டும் சுமார் 8 லட்சம் சொற்கள். எழுத்து அருமை, சண்டை சுமார்தான். முதல்முறை நான் வலிமைக்குப் புள்ளிகளைக் கொட்டி, பாதி உரையாடல்களைக் கண்ணில் காணாமலே முடித்தேன். நீங்கள் ஞானத்துக்கும் அறிவுக்கும் போடுங்கள்.

பால்டர்ஸ் கேட் 2 (2000) இவற்றின் குறைகளில் பாதியைச் சரிசெய்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் பாகத்தில் வளர்த்த நாயகனையே அதற்குக் கொண்டுபோக முடியும். நேராக இரண்டாம் பாகத்துக்குத் தாவினால் அது போச்சு.

முதலில் சொன்ன மூன்றுக்கும் 'என்ஹான்ஸ்டு எடிஷன்' என்ற புதுப்பித்த பதிப்பு இருக்கிறது, ஃபோனிலும் ஓடும். விரல் தடிமன் என்றால் டேப்லெட்டே தேவலை. அப்புறம், முதல் பால்டர்ஸ் கேட்டில் ஆரம்பத்தில் உங்களோடு சேரும் இமோயனின் பையைத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு மந்திரக்கோல் இருக்கும். விடுதிப் படியில் நிற்பவன் வாய் திறந்ததும் அவன்மேல் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள் இமோயனிடம். அடி பட்டால் சொல்லிக்கொண்டிருக்கும் மந்திரம் கலைந்துவிடும். படிக்குப் போகும் முன் ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள்.