பன்னிரண்டு நிமிடம்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் கிளைடிங் கிளப்புக்குப் போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். காலை எட்டரைக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்பியிருக்கிறீர்கள், பறந்தது 12 நிமிடம். படித்ததும் எனக்கே ஆற்றாமையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண்தானே? கிளைடர் என்கிற இன்ஜின் இல்லாத விமானத்தில் ஏறப் பயமாக இல்லையா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

பயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் இல்லையென்றால் கல் மாதிரி விழும் என்று நானும் நினைத்திருந்தேன். நான் ஏறியது ஏ.எஸ்.கே. 21, இரண்டு பேர் உட்காரும் ஜெர்மன் கிளைடர். காற்றில் எந்த ஏற்றமும் இல்லாவிட்டால்கூட ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 34 மீட்டர் வரை முன்னால் போகும். 300 மீட்டர் உயரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 10 கிலோமீட்டர். தரையில் நிற்கும் வின்ச் என்ற இயந்திரம் கேபிளைச் சுருட்டி இழுக்க, கிளைடரின் மூக்கு மேலே நிமிரும்போது அடிவயிறு ஒருமுறை கவ்வும், உண்மைதான். கேபிள் கழன்றதும் அப்படி ஒரு அமைதி.

12 நிமிடம்தான் கிடைத்ததற்குக் காரணம் காற்று. டன்ஸ்டபிளில் இருக்கும் இந்த லண்டன் கிளைடிங் கிளப் 1930இல் தொடங்கியது. அதன் திடல் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. மேற்குக் காற்று குன்றில் மோதி மேலே எழும். அந்த ஏற்றத்தில் குன்றின் ஓரமாகவே மணிக்கணக்கில் போய்வரலாம். அன்று கிழக்குக் காற்று, அந்த ஏற்றம் கிடைக்கவில்லை. குன்றுச் சரிவில் வெட்டிய விப்ஸ்னேட் வெள்ளைச் சிங்க உருவத்தை, 147 மீட்டர் நீளம், மேலேயிருந்து முழுசாகப் பார்த்தேன். ஒரு பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் அதன் பக்கம் திருப்பினார். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டரின் 'பீப்' சத்தம் வேகமெடுத்தது. மூன்று சுற்று ஏறியிருப்போம், அப்புறம் அந்த வெப்பக்காற்று கைவிட்டுப் போய்விட்டது.

சரி, மீதி நேரம்? அதை நீங்கள் வீண் என்கிறீர்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவர் பறக்க வேண்டுமென்றால் கீழே நாலைந்து பேர் வேலை செய்தாக வேண்டும். வின்ச்சில் ஒருவர், கேபிளை வண்டியில் இழுத்து வர ஒருவர், சிக்னல் கொடுக்க ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், இறக்கை நுனியைப் பிடிக்க ஒருவர். இறங்கிய கிளைடரை எல்லோரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும். யாரும் கூலிக்கு வந்தவர்கள் இல்லை, எல்லோரும் தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள்.

எனக்குக் கிடைத்தது இறக்கை நுனி. கிளைடருக்கு நடுவில் ஒற்றைச் சக்கரம்தான், ஒரு இறக்கை தரையில் சாய்ந்தே கிடக்கும். கண்ணாடி மூடி பூட்டியிருக்கிறதா, மேலேயும் பின்னாலும் யாராவது இறங்க வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் தூக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது, விரல்களில் தாங்கினால் போதும். தொய்ந்து கிடந்த கேபிள் புல்லில் பாம்பு மாதிரி நெளிந்து விறைக்கும். ஐந்தாறு எட்டு கூடவே ஓடுவேன். அதற்குள் இறக்கைக்குக் காற்றில் பிடிமானம் வந்து, கையிலிருந்து தானாகவே போய்விடும். அந்தக் கணத்தை விரலில் உணர்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆபத்தாக எது கண்ணில் பட்டாலும் 'ஸ்டாப்' என்று கத்தும் உரிமை அங்கே நிற்கும் எல்லோருக்கும் உண்டு, அன்றுதான் முதல்முறை வந்தவருக்கும். மூன்று மணி வாக்கில் நான் கத்தினேன். ஒரு கிளைடர் இறங்க வளைந்து வருவதைப் பார்த்துவிட்டேன். உடனே எல்லாம் நின்றது. அது இறங்கி ஓய்ந்த பிறகு, புறப்படக் காத்திருந்த பெரியவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வேறெந்த இடத்திலும் ஒரு புது ஆளின் வார்த்தைக்கு இவ்வளவு மதிப்பு இருந்து நான் பார்த்ததில்லை.

வருகிற ஞாயிறு மேற்குக் காற்று என்கிறார்கள். எட்டரைக்கு அங்கே இருப்பேன்.

அன்புடன்