செம்பருத்தியில் நடந்து போன வெள்ளைப் பூச்சி

தோட்டத்தில் இதுவரை பார்க்காத பூச்சி எதையாவது பார்த்தீர்களா, பார்த்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். பார்த்ததும் கொன்றேன். கொன்ற பிறகுதான் அது யார் என்று தெரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முப்பது தொட்டிகளுக்கு மேல் இருக்கின்றன, அதில் நான்கு செம்பருத்தி. போன மாசி மாதம் நான்கிலும் மாவுப்பூச்சி, அதாவது வெள்ளைப் பஞ்சு போல ஒட்டிக்கொண்டு செடியின் சாற்றை உறிஞ்சும் பூச்சி, ஏறிவிட்டது. இளங்குருத்து விரியாமல் முட்டைக்கோஸ் மாதிரி சுருண்டு நின்றது. மொட்டுகள் மலராமலே உதிர்ந்தன. கணுவுக்குக் கணு பஞ்சு. ஒன்றை நசுக்கினால் விரலில் இளஞ்சிவப்பாகச் சாறு ஒட்டும். செம்பருத்தி வளர்ப்பவர்களுக்கு இந்த வகை மாவுப்பூச்சி நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக இதற்கென்றே ஒதுக்கினேன். ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொரு கணுவாகத் தேய்த்து மக்கில் தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா தண்ணீர்த் தொட்டி நிழலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அடுப்புச் சாம்பல் இருந்தா ஒரு பிடி தூவலாம்டா, இப்ப அதுக்கு எங்க போறது" என்றார்.

மூன்றாவது தொட்டியில் மற்றவற்றைவிடப் பெரிதாகச் சில இருந்தன. ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாது. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகுத் திரிகள் நீளமும் குட்டையுமாகத் தொங்கின. முட்டையிடும் தாய்ப்பூச்சி இவைதான் போலிருக்கிறது, இவற்றை ஒழித்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்து, தேடித் தேடி எடுத்தேன். பதினொன்று மக்கில் விழுந்தன.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள்தான் சொன்னாள்: "அப்பா, இது மட்டும் நடந்து போகுதுப்பா."

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். உண்மைதான். மாவுப்பூச்சிக்கும் கால்கள் உண்டு, ஆனால் வாயைத் தண்டில் செருகி உட்கார்ந்துவிட்டால் தொட்டாலும் லேசில் அசையாது. இது தண்டோடு விறுவிறுவென்று இறங்கியது. இரண்டு அடி வைக்கும், தலையை இடமும் வலமும் ஆட்டித் துழாவும், மறுபடி இரண்டு அடி. வெள்ளைத் திரிகளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மூன்று ஜோடிக் கால்கள் தெரிந்தன. ஒரு பஞ்சுப் பைக்கு முன்னால் வந்து நின்றது. தலையை உள்ளே நுழைத்தது. பஞ்சு அசைந்தது, கொஞ்ச நேரம் அசைந்துகொண்டே இருந்தது. அது பின்வாங்கி வெளியே வந்தபோது பஞ்சின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஈரம். உள்ளே இருந்த முட்டைகளைத் தின்றிருக்கிறது. நாங்கள் இருவரும் வெயிலை மறந்து அரை மணி நேரத்துக்கு மேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடுவில் ஒரு கறுப்பு எறும்பு வந்தது. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், வேறு பூச்சி நெருங்கினால் விரட்டும். அந்த எறும்பு தன் உணர்கொம்பால் இதன் வெள்ளைத் திரிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் விலகிப் போனது.

படம் எடுத்து, வேளாண்மை படித்த நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். உடனே போன் செய்தார். "அதைத் தொடாதே. அது மாவுப்பூச்சி இல்லை, மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு" என்றார். பெயர் கிரிப்டோலேமஸ் மான்ட்ரூசியரி. மக்கைத் திரும்பிப் பார்த்தேன். பதினொன்றும் செத்து மிதந்தன. எனக்காக வேலை பார்க்க வந்தவற்றை நானே கொன்றிருக்கிறேன். மனசு ரொம்பவே கஷ்டப்பட்டது.

அப்புறம் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1891-92 வாக்கில் ஆல்பர்ட் கோபலே என்ற பூச்சியியலாளர் இதைக் கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினார். இந்தியாவுக்கு 1898-லேயே வந்துவிட்டது. காப்பிச் செடியைத் தாக்கும் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்கத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வேலையில் பெரிய பலன் கிடைக்கவில்லை. ஆனால் இங்கே மாவுப்பூச்சிக்குப் பஞ்சம் இல்லையே, அதைத் தின்று தென்னிந்தியாவில் நிலைத்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் இங்கேயே இருக்கிற ஒரு ஜீவனை நான் முதல்முறையாக அன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

தாய் வண்டு மாவுப்பூச்சியின் பஞ்சுப் பைக்குள்ளேயே முட்டை வைக்கும். புழு பிறந்ததும் சாப்பாடு வாயருகில் இருக்கும். உடம்பில் சுரக்கும் மெழுகு அதற்கு இரையின் தோற்றத்தையே கொடுத்துவிடுகிறது. எறும்பிடம் தப்பிக்க அது உதவுகிறது. எறும்பை ஏமாற்றிய அதே வேஷம் என்னையும் ஏமாற்றிவிட்டது, அதற்குத்தான் ஆபத்தாக முடிந்தது.

உங்கள் செடியில் இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி அப்படியே கிடக்கும், அல்லது சோம்பலாக நகரும். இந்தப் புழு வேகமாக நடக்கும். திரிகளும் நீளமாக, ஒழுங்கில்லாமல் கலைந்து தொங்கும். வளர்ந்த மாவுப்பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், இந்தப் புழு கடைசிப் பருவத்தில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். இவற்றில் நடையைத்தான் நான் முதலில் பார்ப்பேன், ஏனென்றால் அளவு குட்டிப் புழுவில் ஏமாற்றிவிடும்.

அன்றைக்கே பிரஷ்ஷை நிறுத்தினேன். பஞ்சுப் பைக்குள் அதன் முட்டைகளும் இருக்கலாமே. வேப்பெண்ணெய்க் கரைசலையும் செம்பருத்திப் பக்கம் கொண்டுபோகவில்லை. செய்தது ஒன்றுதான்: அடித்தண்டில் செலோ டேப் சுற்றி, அதன்மேல் வாஸ்லைன் தடவி, எறும்பு ஏறாமல் தடுத்தேன். பக்கத்துச் செடிக் கிளை, சுவர், கொடிக்கம்பி எதுவும் தொடாமல் தொட்டியை நகர்த்தியும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

மருந்து அடிக்காமல் விட எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பழைய நினைவும்தான். 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மளமளவென்று பரவி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் நாசம் செய்தது. எங்கள் தெருவிலேயே பப்பாளி மரங்களை வெட்டிப் போட்டார்கள். கடைசியில் அதை அடக்கியது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னக் குளவிதான்.

மூன்று வாரம் கழித்து வண்டுகள் வந்தன. மிளகைவிடச் சின்னது. இறக்கை கருப்பு, தலையும் கழுத்தும் ஆரஞ்சு, இறக்கையின் நுனியிலும் ஒரு ஆரஞ்சுத் தீற்றல். முன்னங்கால் பழுப்பாக இருந்தால் ஆண், கருப்பாக இருந்தால் பெண். மகள் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து ஆறு பெண், நான்கு ஆண் என்று கணக்குச் சொன்னாள். பங்குனிக் கடைசியில் செம்பருத்தி புதுக்குருத்து விட்டது. தின்ன ஒன்றும் இல்லாததால் வண்டுகளும் பறந்துவிட்டன.

இப்போது கொய்யாத் தொட்டியில் ஒரே ஒரு கிளையில் மறுபடி பஞ்சு தெரிகிறது. அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். நேற்றுக் காலை தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பஞ்சுக்கு மேல் சின்னதாக ஒரு ஆரஞ்சுத் தலை எட்டிப் பார்த்தது.