திட்டம் முடிந்த பிறகும் மாலை வகுப்பு நடக்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள். வவுணதீவுப் பக்கம் ஒரு கிராமத்தில் இலவச மாலை வகுப்பும், பெரிய பிள்ளைகளுக்கு வழிகாட்டலும் நடத்துகிறோம். உதவி செய்த நிறுவனத்தின் திட்டம் மார்கழியோடு முடிகிறது. எங்களில் பலர் இறுதி வருடம். வகுப்பை மூடாமல் கொண்டுபோக யாரிடம் காசு கேட்கலாம்? கம்பனி ஒன்று உதவுவதாகச் சொல்கிறது, வாங்கலாமா?

பதில்: காசைப் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி "எங்களில் பலர் இறுதி வருடம்" என்பதுதான். அமெரிக்காவில் கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடமோ அதற்கு மேலோ ஒரே வழிகாட்டியோடு இருந்த பிள்ளைகளுக்கே பலன் அதிகம் கிடைத்திருந்தது. மூன்று மாதத்துக்குள் வழிகாட்டி விட்டுப்போன பிள்ளைகளிடம் தன்னம்பிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தது. உங்கள் கிராமம் இருக்கிற படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைப் பக்கத்தில், இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். அம்மா மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு என்று இருக்கிற வீடுகள் அங்கே உண்டு. ஆட்கள் விட்டுப்போவது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல, நீங்களும் அந்த வரிசையில் சேரக்கூடாது.

ஆகவே வகுப்பின் முதுகெலும்பாகப் பல்கலைக்கழக மாணவர்களை வைக்காதீர்கள். ஏ.எல். எழுதிவிட்டுக் காத்திருக்கும் ஊர்ப் பிள்ளைகள், முன்பள்ளி ஆசிரியைகள், ஓய்வுபெற்ற சேர்மார் என்று ஊருக்குள்ளேயே ஆள் தேடுங்கள். வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் சொல்லிக்கொடுக்கப் பட்டம் தேவையில்லை. இந்தியாவின் பிரதம் அமைப்பு, பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எழுத்து, சொல், பத்தி, கதை என்று எதுவரை வாசிக்கிறது என்று சோதித்து, அதன்படி குழு பிரிக்கிறது. பல இடங்களில் கிராமத்துத் தொண்டர்களை வைத்தே அதைச் செய்கிறார்கள். உங்களில் மிஞ்சுகிறவர்கள் உங்கள் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். சேர்கிறவர் ஒரு வருடம் இருப்பதாக ஒப்புக்கொள்ளட்டும். விலகுகிறவர் அடுத்தவரைக் கூட்டிவந்து ஒரு மாதம் பக்கத்தில் இருந்து பழக்கிவிட்டுப் போகட்டும்.

பெற்றோல் காசையும் மறக்காதீர்கள். தொண்டுதானே என்று போக்குவரத்துச் செலவைத் தொண்டர் தலையில் கட்டினால், மூன்றாம் மாதமே ஆள் குறையும். யானை நடமாட்டம் உள்ள பக்கமென்றால், இருட்டுமுன் பிள்ளைகள் வீடு சேருகிற மாதிரி நேரம் வையுங்கள்.

சரி, இனி காசு. உங்கள் செலவு என்ன? போக்குவரத்து, போட்டோக்கொப்பி, கரண்ட் பில், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் பணிசும். பெரிய தொகை இல்லை, ஆனால் மாதாமாதம் வேண்டும். திட்டக் காசு மொத்தமாக வந்து மொத்தமாக நிற்கும், இந்தச் செலவுக்கு அது சரிப்படாது. உங்கள் ஊரில் மரண உதவிச் சங்கம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு சந்தா வாங்கிக் கணக்கு வைத்துப் பழகிய சங்கம் அது. எந்த என்.ஜி.ஓ.வை விடவும் அதன் ஆயுள் அதிகம். அவர்களோடும், கிராம அபிவிருத்திச் சங்கத்தோடும், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரோடும் பேசி, வகுப்பை அவர்களில் ஒருவர் பெயருக்குக் கீழே கொண்டுவாருங்கள். உங்கள் குழுவின் பெயர் பலகையில் இல்லாமல் போகலாம், போகட்டும்.

ஊரில் கேட்பதற்கும் காலம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் விதைப்புச் செலவு, பிறகு வெள்ளம். பெரும்போக அறுவடை முடிந்து நெல் கையில் இருக்கும் மாசி, பங்குனியில் கேளுங்கள், காசாக இல்லாவிட்டாலும் நெல்லாகத் தருவார்கள். கடன் தவணைக்கு ஓடுகிற குடும்பங்களிடம் மட்டும் கேட்காதீர்கள். அவர்களுக்குச் சந்தா இல்லை என்பதைக் கூட்டத்தில் சொல்லாமல் சங்கத்துக்குள் முடிவு செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் கொம்பியூட்டர் வாங்கித் தரத்தான் முதலில் விரும்புவார்கள், படம் எடுக்க நன்றாக இருக்கும். இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபா வீதம் வங்கியில் நிரந்தரக் கட்டளையாகப் போட்டால் இருபதாயிரம் என்று கணக்குச் சொல்லிக் கேளுங்கள். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில் இருக்கட்டும். வரவு செலவை மாதந்தோறும் கோயில் பலகையில் ஒட்டுங்கள்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பாக மாற்றச் சொல்லி ஒரு அழுத்தம் வரும். சித்தியடைந்த பிள்ளையின் படத்தோடு பெனர் கட்டலாம், நன்கொடையும் சுலபமாக வரும். ஆனால் தரம் ஐந்திலும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்குத்தான் நீங்கள் தேவை. அதிபரிடம் போய் அந்தப் பிள்ளைகளின் பெயரைக் கேளுங்கள். பாடசாலைக்குப் போட்டியாக வரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கும் புரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் வாசிப்பில் எந்தப் படியில் இருக்கிறார் என்று எழுதிவைத்தால், காசு தருகிறவருக்குக் காட்ட அதைவிட நல்ல ஆவணம் இல்லை.

பிள்ளைப் பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பே கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், தொண்டர் பிள்ளையோடு தனியாக வட்ஸ்அப் பேசக்கூடாது. சந்தேகம் வந்தால் சிறுவர் உதவி இலக்கமான 1929 இருக்கிறது.

கம்பனி உதவியை வாங்கலாம். மேசை, வெண்பலகை, சோலர் விளக்கு என்று ஒருமுறைச் செலவுக்கு மட்டும் வாங்குங்கள். மாதச் செலவை அவர்கள் கையில் கொடுத்தால், அடுத்த வருடம் மனேஜர் மாறும்போது இதே கடிதத்தை எனக்குத் திரும்ப எழுத வேண்டிவரும்.