யுஎம்எல் படத்தில் எந்தக் கோடு எங்கே? கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவி): மேடம், கிளாஸ் டயகிராமில் நிரப்பிய வைரமா, வெற்று வைரமா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.

பதில்: யுஎம்எல் என்பது சாஃப்ட்வேரின் அமைப்பைப் படமாக வரையும் முறை. அதில் கிளாஸ் டயகிராம், டிக்கெட், பயணி போன்ற பொருள் வகைகளையும் (கிளாஸ்) அவற்றுக்கு இடையிலான உறவுக் கோடுகளையும் காட்டும். வைரம் என்பது கோட்டின் முனையில், முழுமையின் பக்கம் வரும் சாய்சதுரம். ரயில் முன்பதிவை எடுத்துக்கொள்வோம். ஒரு டிக்கெட்டில் ஒவ்வொரு பயணிக்கும் பெயர், வயது, பெர்த் என்று ஒரு பதிவு இருக்கும். டிக்கெட்டையே டேட்டாபேஸிலிருந்து நீக்கினால் அந்தப் பதிவும் போய்விடும். ஒரே பதிவு இரண்டு டிக்கெட்டுக்குச் சொந்தமாகவும் முடியாது. இப்படிப் பகுதி ஒரே முழுமைக்குச் சொந்தமாகி, அதோடு சேர்ந்தே அழிவது கம்போசிஷன், டிக்கெட் பக்கம் நிரப்பிய வைரம். நடுவில் ஒரு பயணியை மட்டும் நீக்கலாமா? தாராளமாக. பகுதி முன்பே பிரிந்து போவதை கம்போசிஷன் தடுப்பதில்லை.

ரயிலும் பெட்டியும் வேறு மாதிரி. இங்கே கழற்றிய பெட்டி நாளைக்கு இன்னொரு ரயிலில் ஓடும். இதற்கு வெற்று வைரம், அதாவது அக்ரிகேஷன், போடலாம். கட்டாயம் இல்லை. ஏனென்றால் 2017-இல் வந்த யுஎம்எல் 2.5.1 கூட, அக்ரிகேஷனின் துல்லியமான பொருள் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப மாறும் என்றே சொல்கிறது. நீங்கள் ஒன்றை நினைத்து வரைவீர்கள், புரோகிராம் எழுதுபவர் வேறொன்றாகப் படிப்பார். சந்தேகமா, வைரமே வேண்டாம், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மட்டும் சொல்லும் சாதாரண அசோசியேஷன் கோடு போதும்.

கேள்வி (அதே மாணவி): அப்போது சாதாரணக் கோடு எதையுமே சொல்லாதே?

பதில்: முனையில் எண் எழுதினால் நிறையச் சொல்லும். ஐஆர்சிடிசியில் சாதாரண டிக்கெட் ஒன்றில் 6 பயணிகள் வரை, தட்கலில் 4 பேர் வரை. ஆக, பயணி முனையில் 1..6, டிக்கெட் முனையில் 1. எண் எப்போதும் எதிர் முனையில்தான் வரும்: டிக்கெட்டிலிருந்து பார்த்தால் எத்தனை பயணி என்பதைப் பயணி பக்கம் எழுத வேண்டும். இதை மாற்றி எழுதினால் டேபிள் வடிவமைப்பே தப்பாகிவிடும். வைரம் மாறினால் பல நேரம் யாருக்கும் தெரியாது, எண் மாறினால் சாஃப்ட்வேர் தவறாக ஓடும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணைத்தான்.

கேள்வி (பிசினஸ் அனலிஸ்ட்): அக்கா, யூஸ் கேஸ் படத்தில் இன்க்ளூட், எக்ஸ்டெண்ட் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கணும்?

பதில்: யூஸ் கேஸ் என்பது பயனர் சிஸ்டத்தில் செய்ய விரும்பும் ஒரு வேலை. எந்த வேலைக்கு எந்த வேலையைத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள் தம்பி. பணம் செலுத்தாமல் முன்பதிவு முடியாது, அதனால் 'முன்பதிவு' என்பதிலிருந்து 'பணம் செலுத்துதல்' நோக்கி இன்க்ளூட். பயணக் காப்பீடு விருப்பம்தான். அது இல்லாமலே முன்பதிவு முழுமையானது, காப்பீட்டைப் பற்றி அதற்குத் தெரியவே தேவையில்லை. எனவே காப்பீட்டிலிருந்து முன்பதிவை நோக்கி எக்ஸ்டெண்ட். இரண்டும் புள்ளிக் கோடுதான். முக்கியமாக, இவை அடுத்தடுத்த படிகளைக் காட்டும் அம்புகள் அல்ல. வரிசை வேண்டுமென்றால் ஆக்டிவிட்டி டயகிராம் வரையுங்கள்.

கேள்வி: முக்கோணத்தோடு முழுக்கோடு, முக்கோணத்தோடு புள்ளிக்கோடு?

பதில்: முழுக்கோடு இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸ் இன்னொன்றின் பண்புகளைப் பெறுவது. புள்ளிக்கோடு, ஒரு கிளாஸ் இன்டர்ஃபேஸை (என்னென்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலை) இம்ப்ளிமென்ட் செய்வது, அதாவது செயல்படுத்துவது. இரண்டிலும் முக்கோணம் பண்பைத் தரும் கிளாஸ் அல்லது இன்டர்ஃபேஸ் பக்கம்.

கேள்வி (டெவலப்பர்): என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் என்ற யுஎம்எல் டூலில் ஒரு படத்தில் கோட்டை அழித்தேன், மற்ற படங்களிலும் காணாமல் போய்விட்டது. ஏன்?

பதில்: நீங்கள் அழித்தது படத்தில் உள்ள கோட்டை அல்ல, மாடலில், அதாவது எல்லாப் படங்களுக்கும் பின்னால் இருக்கும் பொதுச் சேமிப்பில், உள்ள உறவை. அந்த மாதிரி டூல்களில் உறவு ஒன்றுதான், ஒவ்வொரு படமும் அதைக் காட்டும் ஒரு ஜன்னல். அழிக்கும்போது மறைக்கவா, மாடலிலிருந்தே நீக்கவா என்று கேட்கும். அவசரத்தில் பலர் படிக்காமல் இரண்டாவதைத் தட்டிவிடுகிறார்கள். இந்தப் படத்துக்கு மட்டும் வேண்டாமென்றால் மறையுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய கிளாஸ் பத்தைப் புதுப் படத்தில் இழுத்துப் போட்டால், அவற்றுக்கு இடையே மாடலில் உள்ள உறவுகள் எல்லாம் தாமாகவே வந்து நிற்கும். எல்லாம் உண்மையான உறவுகள்தான், ஆனால் அந்தப் படம் விளக்க வேண்டிய விஷயத்துக்கு அதில் மூன்று போதுமாக இருக்கலாம். மீதியைத் தயங்காமல் மறையுங்கள், மாடலில் பத்திரமாக இருக்கும். டிரா.ஐஓ என்ற படம் வரையும் டூலில் இந்த வசதி கிடையாது. அங்கே கோடு வெறும் ஓவியம், அழித்தால் போனதுதான்.

கேள்வி: அசோசியேஷன் கோட்டில் அம்பே இல்லையென்றால் இரு பக்கமும் போகலாம், அதாவது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மற்றதை அணுகலாம், என்று அர்த்தமா?

பதில்: சில குழுக்களில் அப்படி, சிலவற்றில் 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று அர்த்தம். யுஎம்எல் இரண்டையும் அனுமதிக்கிறது. உங்கள் குழு எதைப் பின்பற்றுகிறது என்பதைப் படத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பாக எழுதிவிடுங்கள்.