கேளுங்க, சொல்றோம்: ஆயா விழுந்தா முதல் போன் யாருக்கு?

கேள்வி: ஓசூர்ல ஒரு கம்பெனில ஷிஃப்ட் வேலை பாக்கறேன். எங்க ஆயா பாலக்கோடு பக்கத்துல கிராமத்துல தனியா இருக்காங்க, 74 வயசு, பிரஷர் மாத்திரை சாப்பிடறாங்க. அவங்க கையில கட்டிவிட ஒண்ணு செய்யலாம்னு இஎஸ்பி32ன்னு குட்டி கம்ப்யூட்டர் போர்டு, பல்ஸ் பாக்கற மேக்ஸ்30102 சென்சார், சிம் போட்டு போன், எஸ்எம்எஸ் அனுப்பற சிம்800எல் மாட்யூல் எல்லாம் வாங்கிட்டேன். பல்ஸ் 60க்கு கீழ போனாலும் 100 தாண்டினாலும் எனக்கு எஸ்எம்எஸ் வரணும். ஆனா மணிக்கட்டுல கட்டினா ஒரு நிமிஷம் 72, அடுத்த நிமிஷம் 140ன்னு காட்டுது, எஸ்எம்எஸ் போற நேரம் பாத்து போர்டே ரீஸ்டார்ட் ஆகுது. என்ன தப்பு பண்றேன்?

பதில்: தம்பி, ரீஸ்டார்ட் ஆகறத முதல்ல முடிச்சிடுவோம், அது சுலபம். சிம்800எல் டவரோட பேசற அந்த கணத்துல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், நீங்க அதுக்கு போர்டோட 3.3 வோல்ட் பின்ல இருந்து கரண்ட் குடுத்திருப்பீங்க, தாங்காது. லித்தியம் பேட்டரில இருந்து நேரா தடிமனான ஒயர் இழுத்துக் குடுங்க, மாட்யூல் பக்கத்துலயே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்க, நின்னுடும்.

பல்ஸ் விஷயம் அப்படி இல்ல. மேக்ஸ்30102ல இருக்கறது சிவப்பு லைட்டும் இன்ஃப்ராரெட்டும், அது விரல் நுனிக்கும் காது மடலுக்கும்தான் ஏத்தது. கடைல விக்கற வாட்ச்சுக்குப் பின்னாடி பச்சையா மின்னுது பாருங்க, மணிக்கட்டுக்கு அந்தப் பச்சைதான் சரிப்படும். அதுவும் கை ஆடினா தடுமாறும், ஆயா முறம் எடுத்துப் புடைச்சா அந்த ஆட்டத்தையே பல்ஸ்னு எண்ணிடும். அதோட, தூங்கறப்போ நல்லா இருக்கறவங்களுக்கே 60க்கு கீழ போகும், பிரஷர் மாத்திரைல சில வகை பல்ஸையே குறைக்கும், நாலு படி ஏறினா 100 தாண்டும். நீங்க வச்ச அளவுக்கு தினமும் ராத்திரி மெசேஜ் வரும்.

தினமும் வந்தா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன். காரிமங்கலம் பக்கத்துல இருக்கற எங்க அத்தைக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தேன். முதல் வாரம் ராத்திரி 2 மணிக்கு அலாரம் போச்சு, எதிர்வீட்டு அக்கா டார்ச் எடுத்துக்கிட்டு செருப்புகூட போடாம ஓடினாங்க, அத்தை நல்லா தூங்கிட்டு இருந்தாங்க. ரெண்டாவது தடவையும் வந்தாங்க. மூணாவது தடவ "விடிஞ்சதும் பாத்துக்கலாம்னு படுத்துட்டேன் தம்பி"ன்னு அந்த அக்காவே சொன்னாங்க, எனக்கு அப்படியே வயித்தக் கலக்கிடுச்சு. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, மூணு தடவையும் பொய் சொன்னது நான் செஞ்ச பெட்டி.

அதனால பல்ஸ தள்ளி வைங்க. டாக்டர் பாக்கச் சொன்னா காலைல ஒரு தடவ உக்காந்து விரல்ல வச்சுப் பாத்தா போதும். அலாரம் ரெண்டே விஷயத்துக்கு: ஆயா விழுந்தா, இல்ல ஆயாவே பட்டன அழுத்தினா.

விழறதக் கண்டுபிடிக்க, அசைவ அளக்கற எம்பியு6050 சென்சார் வாங்குங்க. சும்மா இருக்கறப்போ அது பூமி இழுக்கற அளவ, அதாவது 1 ஜின்னு காட்டும், விழற அந்த கணத்துல 0.5க்கு கீழ இறங்கும், தரைல மோதினதும் 2.5, 3ன்னு ஏறும், அப்புறம் அசைவே இருக்காது. மூணும் வரிசையா வந்தாத்தான் விழுந்ததா எடுத்துக்கணும். அந்த சென்சார் ஆன் ஆகறப்போ 2 ஜி வரைக்கும்தான் அளக்கும், நீங்க எழுதற புரோகிராம்ல 8 ஜிக்கு மாத்தலைன்னா மோதினதே முழுசா தெரியாது, நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. விழுந்ததா தெரிஞ்சதும் 20 செகண்ட் பஸ்ஸர் கத்தட்டும், ஒண்ணும் ஆகலைன்னா ஆயா அழுத்தி நிறுத்திக்கட்டும்.

இத மணிக்கட்டுல கட்டாதீங்க. கை சும்மாவே வீசும், ஆடும், இடுப்புல இருந்தாத்தான் உடம்பு விழறது ஒழுங்கா தெரியும். ஆயா இடுப்புல வெத்தல பாக்கு வச்சு சொருகியிருக்கற சுருக்குப் பை இருக்கும் இல்ல, அதே மாதிரி இன்னொண்ணு தைக்கச் சொல்லி அதுக்குள்ள வைங்க. எங்க அத்தை கையில கட்டின பட்டைய ரெண்டாம் நாளே கழட்டி மாடத்துல வச்சிட்டாங்க, ஆனா சுருக்குப் பை இடுப்ப விட்டு எறங்கினதே இல்ல. பட்டன் பெருசா இருக்கட்டும், துணிக்கு மேலயே தடவிப் பாத்து அழுத்தற மாதிரி, 2 செகண்ட் அழுத்திப் பிடிச்சாத்தான் வேலை செய்யணும்.

குளிக்கப் போறப்போ மட்டும் அதக் கழட்டிடுவாங்க, வழுக்கி விழறதும் அங்கதான். அங்க தண்ணி படாத பட்டன் ஒண்ணு தனியா வைங்க, முழங்கால் உயரத்துல. சுவிட்ச் போர்டு உயரத்துல வச்சா கீழ விழுந்து கிடக்கறவங்களுக்கு எப்படி எட்டும்?

முதல் போன் உங்களுக்கு வரக்கூடாது தம்பி. ஓசூர்ல இருந்து நீங்க பஸ் ஏறி வந்து சேர ரெண்டு மணி நேரமாவது ஆகும். எதிர்வீடு, அடுத்து தெருமுனைல இருக்கற சொந்தக்காரங்க, மூணாவதா நீங்க. எஸ்எம்எஸ் மட்டும் போதாது, விளம்பரத்துக்கு நடுவுல யாரும் பாக்கறதில்ல, மாட்யூல் முதல்ல கால் பண்ணி மணி அடிக்கட்டும், பின்னாடியே எஸ்எம்எஸ். தமிழ்ல அனுப்பினா ஒரு எஸ்எம்எஸ்ல 70 எழுத்துதான் கொள்ளும், கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனியா கணக்கு. "ஆயா விழுந்துட்டாங்க. வீட்டுக்கு ஓடுங்க." இது 39 வருது, இவ்ளோ போதும்.

கேள்வி: நாங்க அஞ்செட்டி பக்கம். வீட்டுக்குள்ள டவரே நிக்காது. இந்த மாதிரி கருவி எங்களுக்கு ஆகுமா?

பதில்: ஆகும், ஆனா சிம் வாங்கறதுக்கு முன்னாடி போன எடுத்துக்கிட்டு வீடு, களம், கிணத்தடி எல்லாம் நடந்து எந்த சிம் எங்க நிக்குதுன்னு பாருங்க. சிம்800எல் 2ஜி நெட்வொர்க் மட்டும்தான், ஜியோல 2ஜி கிடையாது, அந்த சிம்மப் போட்டா எத்தன நாள் ஆனாலும் பேசாது, 4ஜிக்கு ஏ7670சி மாதிரி மாட்யூல் வேணும். எதுவுமே நிக்கலைன்னா சிம் இல்லாமயே ரொம்ப தூரம் சின்ன மெசேஜ் அனுப்பற லோரா ரேடியோ ஒரு ஜோடி வைங்க, 865ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் நம்ம நாட்டுல லைசென்ஸ் வேணாம். ஒண்ணு பாட்டிகிட்ட, இன்னொண்ணு டவர் நிக்கற மேட்டு வீட்டுல, சிம்மும் அங்கயே இருக்கட்டும். அந்த மேட்டு வீட்டுல ஒரு சைரனும் வச்சிட்டா போன் போகலைன்னாலும் ஆள் வருவாங்க. நடுவுல மலை மறைச்சா லோராவும் போகாது, பொருத்தறதுக்கு முன்னாடி நடந்து பாத்துக்குங்க.

கேள்வி: நேரா 108க்கே கால் போற மாதிரி செஞ்சிட்டா என்ன?

பதில்: வேணாங்க. 108ல எடுக்கறவங்க என்ன ஆச்சு, மூச்சு இருக்கா, எந்த ஊரு, பக்கத்துல என்ன இருக்குன்னு கேப்பாங்க, மெஷின் பதில் சொல்லாது. பொய் அலாரத்துக்கு ஒரு வண்டி கெளம்பி வந்தா, அதே நேரத்துல தொப்பூர் கணவாய்ல அடிபட்டு கிடக்கறவங்களுக்கு அந்த வண்டி இல்லாம போயிடும். மனுஷங்க பாத்துட்டு அவங்களே கூப்பிடட்டும். எதிர்வீட்டு சுவத்துல பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க: ஆயா பேரு, வயசு, என்ன மாத்திரை, தண்ணி டேங்க்ல இருந்து எத்தனாவது வீடு.

சிம் ரீசார்ஜ் நிறைய பிளான்ல 28 நாள்ல முடிஞ்சிடும், யாரும் கவனிக்க மாட்டாங்க, உங்க போன்ல ஞாபகம் வச்சுக்குங்க. மாசம் ஒரு தடவ, முன்கூட்டி எதிர்வீட்டுல சொல்லிட்டு, ஆயாவையே பட்டன அழுத்தச் சொல்லுங்க, யார் போன் எடுத்தாங்க, எத்தன நிமிஷத்துல வாசலுக்கு வந்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.