பழைய காரின் டாஷ்போர்டு வெளிச்சம் மிகவும் மங்கிவிட்டது. மீட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. தயவுசெய்து மீட்டரை மாற்ற அவசரப்படாதீர்கள். பழைய வண்டிக்குப் பெரும்பாலும் வேறு வண்டியில் கழற்றிய மீட்டர்தான் கிடைக்கும். அதோடு உங்கள் கார் ஓடிய கிலோமீட்டர் கணக்கும் போய்விடும்.

இரவில் வேகமுள் தெரியவில்லை, ஆனால் இண்டிகேட்டர் அம்புக்குறியும் ஹைபீம் விளக்கும் பளிச்சென்று எரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீட்டருக்குப் போகும் எர்த் (மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் ஒயர்) கெட்டிருந்தால் பெரும்பாலும் அவையும் சேர்ந்தே மங்கும். ஆகவே சந்தேகம் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) மீதும், மீட்டருக்குப் பின்னால் எரியும் பல்புகள் மீதும்தான் விழுகிறது. ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் பல்பு. எல்லாம் ஒரே அளவில் மங்கியிருந்தால் முதலில் டிம்மர்.

டிம்மரின் அந்தச் சிறு திருகியை யாரும் தொடுவதே இல்லை. பழைய வண்டிகளில் அதற்குள் ஒரு கம்பிச்சுருளும் அதன் மேல் நகரும் ஒரு தகடும் இருக்கும். பல வருடம் ஒரே இடத்தில் நின்றால் தகடு தொடும் இடத்தில் களிம்பு படிந்துவிடும். பார்க்கிங் விளக்கைப் போட்டு, திருகியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் எங்காவது வெளிச்சம் துடித்தாலோ சட்டென்று ஏறினாலோ குற்றவாளி அதுதான். விளக்கை அணைத்துவிட்டு இருபது முப்பது முறை திருப்பினாலே பல நேரம் தேய்ந்து சரியாகும். இல்லாவிட்டால் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். இரண்டு ஒயர் மட்டும் உள்ள டிம்மர் என்றால் அந்த இரண்டையும் சற்று நேரம் இணைத்துப் பார்க்கலாம். முழு வெளிச்சம் வந்தால் சந்தேகமே வேண்டாம். மூன்று ஒயர் இருந்தால் இதைச் செய்யவே செய்யாதீர்கள், ஷார்ட் ஆகும்.

டிம்மர் நன்றாக இருந்தால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டரை வெளியே எடுங்கள். பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் இருக்கலாம், இழுத்துவிட வேண்டாம். பல்பை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். கண்ணாடியின் உள்ளே புகை பிடித்தாற்போல் கறுத்திருந்தால் இழையின் டங்ஸ்டன் ஆவியாகிப் படிந்திருக்கிறது. எரிந்தாலும் வெளிச்சம் குறைவாகவே வரும். ஒன்று கறுத்திருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், விலை மிகக் குறைவு. அதே வாட்டில் போடுங்கள். 3 வாட் இருந்த இடத்தில் 5 வாட் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் வளையும். ஹோல்டர் உட்காரும் செம்புத் தடத்தைப் பென்சில் ரப்பரால் மட்டும் துடையுங்கள். உப்புத்தாள் பட்டால் அந்த மெல்லிய தகடு கிழிந்துவிடும்.

எல்இடி போட ஆசைப்பட்டால் பேட்டரி சார்ஜ் விளக்கை மட்டும் பழைய பல்பாகவே விட்டுவிடுங்கள். பல பழைய கார்களில் அந்த பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டரை) எழுப்புகிறது.

என் கதை வேறு. தூத்துக்குடியில் உப்புக்காற்றில் நின்ற கார். இண்டிகேட்டர் உட்பட எல்லாமே மங்கியது. நான் முதலில் பல்புகளை மாற்றி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன். பிறகுதான் விளக்கைப் போட்டுவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் மீட்டரின் எர்த் ஒயருக்கும் நடுவே வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டிய இடத்தில் 2 வோல்ட் காட்டியது. இந்த பல்புகளுக்கு 10 சதவீதம் வோல்ட் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். 2 வோல்ட் போனால் பாதிதான் மிஞ்சும். டாஷ்போர்டுக்கு அடியில் எர்த் திருகு பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கினேன். அன்றிரவு மதுரைவரை முள்ளைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

உங்கள் டிம்மரில் எத்தனை ஒயர், திருப்பும்போது வெளிச்சம் துடிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன்.